ஒரே மெயிலில் நாலு 'ஹேண்ட்'

கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் மேலாளர் அனுப்பிய ஒரு மெயிலில் 'ஹேண்ட்' என்ற சொல் நான்கு இடத்தில் வந்திருக்கிறது. பிரச்சினை 'அவுட் ஆஃப் ஹேண்ட்' போய்விட்டது, அதனால் 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்' வேண்டும், குழுவிலுள்ள ஒரு சீனியர் இந்த வேலையில் 'ஓல்ட் ஹேண்ட்', ஆகவே 'கிவ் ஹெர் எ ஹேண்ட்'. தமிழ் வழியில் படித்து வந்த நீங்கள் அகராதியைத் திறந்தால் பக்கம் முழுக்க அந்த ஒரு சொல்தான். "இதையெல்லாம் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நான்கு தொடர்களின் பொருளை யாரும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் இத்தனை பொருளுக்கும் அடியில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர் என்று எனக்குப் படுகிறது.

ஒழுங்கு இருக்கிறது. முழுமையான ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன். நீதிமன்ற ஆவணங்களையும் இயந்திரக் கையேடுகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவதே 24 ஆண்டுகளாக என் தொழில். இந்தச் சொல் என் மேசைக்கு வராத நாள் குறைவு. அனுபவத்தில் நான் கண்டுகொண்டது இது: 'ஹேண்ட்' வருகிற தொடர்களில் பல ஏதோ ஒரு வேலைத்தளத்தில் பிறந்தவை. கப்பல், குதிரை லாயம், சீட்டாட்ட மேசை, கடிகாரப் பட்டறை, பத்திரம் எழுதும் இடம் என்று அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டால் பொருள் பெரும்பாலும் தானே விளங்கும்.

அதற்கு முன் அடிப்படையான ஒன்றைத் தெளிவாக்க வேண்டும், ஏனென்றால் தமிழர்கள் தடுமாறுவது அங்கேதான். ஆங்கில 'ஹேண்ட்' என்பதும் நம் 'கை' என்பதும் ஒரே உறுப்பு இல்லை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை 27 எலும்புகள் உள்ள பகுதி மட்டுமே ஹேண்ட். அதற்கு மேல் தோள்வரை உள்ளது 'ஆர்ம்'. தமிழில் தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே கை. முழங்கை, முன்கை, உள்ளங்கை, புறங்கை என்று பிரித்துச் சொல்ல முடியும் என்றாலும் பேச்சில் பிரிப்பதில்லை. பையன் மரத்திலிருந்து விழுந்தால் "கை உடைஞ்சிருச்சு" என்போம். உடைந்தது முழங்கைக்கு மேலா, விரலா என்பது கேட்டால்தான் தெரியும். அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஹேண்ட்' என்று போட்டால், படிப்பவர் மணிக்கட்டுக்குக் கீழே அடிபட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் மனு ஒன்று சொல்ல, மருத்துவச் சான்றிதழ் வேறொன்று சொல்ல, எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு குறுக்கு விசாரணை செய்த கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். பொய் சொன்னவர் யாரும் இல்லை. ஒரு மொழி பிரிக்கிறது, ஒரு மொழி பிரிப்பதில்லை, அவ்வளவுதான் நடந்தது.

நம் ஊர்ச் சட்டைக் கடையில் 'ஹாஃப் ஹேண்ட்', 'ஃபுல் ஹேண்ட்' என்கிறோமே, அதுவும் இதே கதைதான். அரைக்கைச் சட்டை, முழுக்கைச் சட்டை என்ற தமிழில் 'கை' சட்டையின் கையையும் குறிக்கும். அந்தத் தமிழை அப்படியே ஆங்கிலமாக்கிக்கொண்டோம். லண்டன் கடையில் இதைச் சொன்னால் புரியாது. அங்கே சட்டைக்கு இருப்பது 'ஸ்லீவ்'. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உலக மொழிகளின் அமைப்பைத் தொகுத்த ஓர் அட்லஸில் 617 மொழிகளை இந்த ஒரு கேள்விக்காகவே ஒப்பிட்டிருக்கிறார்கள். அவற்றில் 228 மொழிகள் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றன. குளிர் நாடுகளில் நீளச் சட்டைக் கையும் கையுறையும் அணிவதால் அந்த எல்லை கண்ணில் பட்டு, இரண்டு சொல் பிறந்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர் ஒரு விளக்கம் தருகிறார். புள்ளிவிவரத்தை நம்பலாம். விளக்கத்தை அழகான ஊகம் என்ற அளவிலேயே நான் வைத்திருக்கிறேன்.

ஆங்கிலமே எல்லா இடத்திலும் அந்தக் கோட்டைக் காப்பாற்றுவதில்லை. கால்பந்தில் 'ஹேண்ட்பால்' என்ற குற்றத்துக்குக் கையின் எல்லை மணிக்கட்டோடு நிற்காது, அக்குளின் அடிமட்டம் வரை நீளும். 2020-21 பருவ விதிகளில் அதை வெளிப்படையாகவே எழுதிவைத்தார்கள். 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோ நகரில் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா இடது கை முஷ்டியால் தட்டிய பந்துக்கு அந்த விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அது எந்த மொழியிலும் கைதான்.

இனிக் கப்பலுக்கு வருவோம். உங்கள் மெயிலின் இரண்டு தொடர்கள் கப்பலோடு தொடர்புள்ளவை. பாய்மரக் கப்பலில் மாலுமியின் மதிப்பு அவன் கையில் இருந்தது. கயிறு இழுக்க, பாய் சுருட்ட, சுக்கான் பிடிக்க எத்தனை கை தேறும் என்றே கணக்குப் போட்டார்கள். பாயைச் சுருட்டிக் கட்டுவதற்கே 'ஹேண்ட்' என்ற வினைச்சொல் உண்டு. ஆகவே 'ஹேண்ட்' என்றால் ஆள். புயல் வரும்போது, தூங்குகிறவன், முறைவேலை முடித்தவன், சமையல்காரன் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடிவர வேண்டும். அந்தக் கட்டளைதான் 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்'. உங்கள் நிறுவனத்தின் 'ஆல் ஹேண்ட்ஸ் மீட்டிங்' அதன் பேரப்பிள்ளை. கூட்டத்தில் யாரும் கை உயர்த்த வேண்டியதில்லை. யாரும் விடுபடாமல் வர வேண்டும் என்பதே செய்தி. மாலுமிகளிடம் ஒரு பழைய பாடம் உண்டு: ஒரு கை உனக்கு, ஒரு கை கப்பலுக்கு. பாய்மரத்தின்மேல் நிற்கும்போது ஒரு கையால் தன்னைப் பிடித்துக்கொள், இன்னொன்றால் வேலை செய் என்று அர்த்தம். அந்த மனிதர்களை ஏன் 'கை' என்று அழைத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதே பொருளில் ஒரு சோகமான தொடரும் உண்டு. கப்பல் 'வித் ஆல் ஹேண்ட்ஸ்' மூழ்கியது என்றால் அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. கடல் காப்பீட்டு ஆவணம் ஒன்று என்னிடம் திருத்தத்துக்கு வந்தபோது, 'அனைத்துக் கருவிகளுடனும் மூழ்கியது' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். கை என்று போட்டால் பொருந்தவில்லை, கைக்கருவியாக இருக்கும் என்று ஊகித்திருக்கிறார் அந்த இளைஞர். எழுதியவர் கவனக்குறைவானவர் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் மனிதர்கள் காணாமல் போய்விட்டார்கள். அன்றிலிருந்து பயிற்சிக்கு வருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்லித்தருவது இந்தத் தொடரைத்தான்.

கடலைவிட்டுக் கரைக்கு வந்தபோதும் 'ஹேண்ட்' ஆளாகவே இருந்தது. பண்ணையில் 'ஃபார்ம் ஹேண்ட்', 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லாங்கஷயர் பஞ்சாலைகளில் 'மில் ஹேண்ட்'. தொழிலாளியின் உடம்பில் முதலாளிக்குத் தேவைப்பட்ட பகுதியே அவன் பெயராகிவிட்டது. எனக்கு இந்தச் சொல்லில் எப்போதும் ஒரு வலி தெரியும். ஆனால் 'ஓல்ட் ஹேண்ட்' என்பதில் வலி இல்லை, மரியாதை இருக்கிறது. வயதானவர் என்று பொருள் இல்லை, அந்த வேலையில் பழுத்தவர் என்று பொருள். 30 வயதுக்காரரும் ஓல்ட் ஹேண்டாக இருக்கலாம். நாம் 'கைதேர்ந்தவர்', 'பழந்தின்று கொட்டை போட்டவர்' என்போம். நமக்கும் ஆளைக் கையாகப் பார்க்கும் வழக்கம் புதிதில்லை. சீட்டாட உட்கார்ந்தால் "ஒரு கை குறையுது, அவரைக் கூப்பிடு" என்கிறோம். உடன் வேலை செய்கிறவரையும் ஏவல் செய்கிறவரையும் 'கையாள்' என்கிறோம். நெருங்கியவரை 'வலது கை' என்கிறோம். ஆங்கிலத்தில் இவ்வளவு அந்நியமாகத் தெரிகிற சொல் நம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து, பிடித்திருக்கும் கை. பிடி என்றால் கட்டுப்பாடு, உடைமை, அதிகாரம். குதிரையின் கடிவாளம் கையில் இருக்கும்வரை நிலைமை 'இன் ஹேண்ட்'. நழுவினால் 'அவுட் ஆஃப் ஹேண்ட்'. உங்கள் மெயிலில் வந்தது இதுதான், 'கைமீறிப் போய்விட்டது'. இங்கே தமிழும் ஆங்கிலமும் கைகோத்து நடக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை. இதே 'அவுட் ஆஃப் ஹேண்ட்' என்ற தொடர் 'ரிஜெக்டட்' போன்ற சொல்லோடு வந்தால் பொருள் அடியோடு மாறும். ஒரு கோரிக்கையை 'அவுட் ஆஃப் ஹேண்ட்' நிராகரித்தார்கள் என்றால், யோசித்துக்கூடப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் தள்ளிவிட்டார்கள் என்று பொருள். எது எங்கே என்பதை அருகிலுள்ள வினைச்சொல் காட்டிக்கொடுக்கும். 'கெட்' வந்தால் கைமீறல், 'ரிஜெக்ட்', 'டிஸ்மிஸ்' போன்றவை வந்தால் உடனடித் தள்ளுபடி. நீதிமன்ற உத்தரவுகளில் இரண்டாவதுதான் அதிகம்.

கை அதிகாரத்தைக் குறிப்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. ரோமானியச் சட்டத்தில் 'மானுஸ்', அதாவது கை, என்பதே கணவன் மனைவிமேல் கொண்ட சட்ட அதிகாரத்தின் பெயர். அந்த லத்தீன் கையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொற்களின் பட்டியல் நீளமானது. கையால் எழுதியது 'மேனுஸ்கிரிப்ட்', கையில் வைத்துக்கொள்ளும் நூல் 'மேனுவல்', பிடியிலிருந்து விடுவிப்பது 'எமான்சிபேஷன்'. குதிரையைக் கையால் பழக்குவதற்கான இத்தாலியச் சொல் வழியாக வந்தது 'மேனேஜ்'. ஆக, நான்கு ஹேண்ட் போட்டு மெயில் அனுப்பிய உங்கள் மேனேஜரின் பதவிப் பெயரே ஐந்தாவது கை. கிரேக்கத்தில் 'கைர்' என்றால் கை, கைவேலை செய்பவர் 'கைரூர்கோஸ்', அதுவே தேய்ந்து தேய்ந்து 'சர்ஜன்' ஆனது. 'ஹேண்ட்' என்ற சொல்லோ இவை இரண்டோடும் உறவில்லாதது. ஜெர்மனியிலும் ஹாலந்திலும் அதே சொல் இருக்கிறது, பழைய காதிக் மொழியில் 'ஹண்டுஸ்' என்று இருந்தது. அதற்கு அப்பால் வேர் எது என்பது தீராத விவாதம். 'பற்றுதல்' என்ற பொருளுள்ள ஒரு காதிக் வினையோடு இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருத்தமாக இருப்பது ஆதாரம் ஆகாது.

'அப்பர் ஹேண்ட்' என்றால் மேலாதிக்கம். இதற்குத் தமிழில் 'அவர் கை ஓங்கியிருக்கிறது' என்ற தொடர் அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. நான் மொழிபெயர்க்கும்போது யோசிக்காமல் எழுதும் இணைகளில் இது ஒன்று. 'ரெட் ஹேண்டட்' என்பதற்குக் 'கையும் களவுமாக' என்பது இன்னொன்று. பின்னதன் பிறப்பு உறுதியாகத் தெரியும். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் 15ஆம் நூற்றாண்டிலேயே, ரத்தக் கறை காயாத கையோடு பிடிபட்டவனைக் குறிக்க 'சிவப்புக் கை' என்று எழுதினார்கள். கொலைக்கு இருந்த சொல் பிறகு திருட்டுக்கும் லஞ்சத்துக்கும் இறங்கி வந்தது. இங்கே லஞ்ச ஒழிப்புப் போலீசார் ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுத்துப் பிடிக்கும்போது, வாங்கியவர் கையைக் கரைசலில் கழுவினால் நிறம் மாறும். அந்த நீதிமன்றக் கோப்புகளை மொழிபெயர்க்கும்போதெல்லாம், பழைய உருவகம் மறுபடி உண்மையாகிவிட்டதே என்று நினைத்துக்கொள்வேன்.

எழுதும் கைக்கு வருகிறேன், இது என் சொந்தத் தொழிலிடம். பழைய பத்திரங்களின் முடிவில் 'அண்டர் மை ஹேண்ட் அண்ட் சீல்' என்று வரும். இங்கே ஹேண்ட் என்றால் கையொப்பம். 'இன் ஹிஸ் ஓன் ஹேண்ட்' என்று வந்தால் கையெழுத்து, நம் பத்திர மொழியில் 'தன் கைப்பட'. ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்டது போன்ற சுருக்கெழுத்து முறைகளை 'ஷார்ட் ஹேண்ட்' என்று சொல்வதும் இந்தப் பொருளில்தான். தமிழில் கைநாட்டு, கையொப்பம் இரண்டும் இதே பாதையில் நடக்கின்றன. இலங்கையில் ஒப்பந்தங்கள் இன்றும் 'கைச்சாத்திட'ப்படுகின்றன. நம் நாட்டு ஆங்கிலத்துக்கே உரிய 'ஹேண்ட் லோன்' என்ற தொடரையும் சொல்ல வேண்டும். பத்திரம் இல்லாமல், நம்பிக்கையின்பேரில் வாங்கும் கைமாற்று அது. இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளில் தாராளமாக வரும். இங்கிலாந்து வக்கீலுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். இதைப் பிழை என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. நம்மிடம் ஒரு கொடுக்கல் வாங்கல் முறை இருக்கிறது, அதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

நீதிமன்றத் தொடர்களில் மிகவும் கவனம் வேண்டுவது 'கிளீன் ஹேண்ட்ஸ்'. நியாயம் கேட்டு வருபவர் தூய கரங்களோடு வர வேண்டும் என்பது இங்கிலாந்தின் பழைய நியாயச் சட்டக் கோட்பாடு, நம் நீதிமன்றங்களும் அதைப் பின்பற்றுகின்றன. தமிழில் 'கை சுத்தம்' என்றால் பண விஷயத்தில் நேர்மை. மனுதாரர் தூய கரங்களுடன் வரவில்லை என்று ஒரு பதில் மனு சொன்னால், அவர் திருடினார் என்று அர்த்தமில்லை. அந்த வழக்குக்குத் தேவையான ஏதோ ஒரு உண்மையை மறைத்தார், அல்லது அந்த விவகாரத்தில் தானே நியாயம் தவறி நடந்தார் என்று அர்த்தம். தமிழ் நகலைப் படித்துவிட்டுத் தன்னைத் திருடன் என்று எழுதிவிட்டதாகக் கண் கலங்கிய ஒரு பெரியவருக்கு இதை உட்கார வைத்து விளக்கியிருக்கிறேன். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தும் ஒரு மனிதரைக் காயப்படுத்தியது அந்த மொழிபெயர்ப்பு.

சுட்டும் கையைக் கடிகாரத்தில் பார்க்கலாம். ஆங்கிலேயருக்கு அது நேரத்தைச் சுட்டிக்காட்டும் கை, நமக்கு முள். இதில் ஒரு சின்ன அதிசயம் இருக்கிறது. 'செகண்ட் ஹேண்ட்' என்றால் நொடி முள், இன்னொருவர் பயன்படுத்திய பொருளும் 'செகண்ட் ஹேண்ட்'. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் இரண்டிலும் உள்ள 'செகண்ட்' ஒன்றே, 'இரண்டாவது' என்பதே அதன் பொருள். மணியை முதல்முறை பகுத்தால் வரும் சிறு கூறு நிமிடம், இரண்டாம் முறை பகுத்தால் வருவது நொடி, அதனால் அது லத்தீனில் 'இரண்டாவது சிறு கூறு'. மற்றது இரண்டாவது கைக்கு மாறிய பொருள். பேச்சில் பிரித்தறிய வேண்டுமென்றால், கடிகார முள்ளுக்கு அழுத்தம் 'செகண்ட்' மேல் விழும், பழைய பொருளுக்கு 'ஹேண்ட்' மேல் விழுவது வழக்கம். 'ஆன் தி அதர் ஹேண்ட்' என்பதில் கை என்றால் பக்கம். 'மறுபுறம்' என்று எழுதிவிட்டுப் போகலாம், 'மற்றொரு கையில்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

குதிரையிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கே ஹேண்ட் என்பது ஓர் அளவு. நமக்குச் சாணும் முழமும் இருப்பதுபோல, குதிரையின் உயரத்தை ஆங்கிலேயர் கையின் அகலத்தால் அளந்தார்கள். ஒரு ஹேண்ட் என்பது 4 அங்குலம், அதாவது 10.16 செ.மீ. தரையிலிருந்து தோள்மேடு வரை அளப்பார்கள், தலை கணக்கில் வராது. 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டங்களிலேயே இந்த அளவு உண்டு, இன்றும் பந்தயக் குதிரை ஆவணங்களில் இருக்கிறது. பொறி எங்கே என்றால், 14.2 ஹேண்ட் என்பதில் உள்ள புள்ளி தசமப் புள்ளி இல்லை. 14 ஹேண்டும் 2 அங்குலமும் என்று பொருள், மொத்தம் 58 அங்குலம், ஏறத்தாழ 147 செ.மீ. தசமமாக எடுத்துக் கணக்கிட்டால் 144 செ.மீ. வரும். 14.3க்கு அடுத்து வருவது 15. குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும் இடையிலான கோட்டை வழக்கமாக அந்த 14.2இல்தான் போடுவார்கள் என்பதால், இந்த 3 செ.மீ. பிழை ஒரு விலங்கின் வகையையே மாற்றிவிடும். கால்நடைச் சான்றிதழ்களை மொழிபெயர்க்கும்போது இதை மூன்று முறை சரிபார்ப்பேன்.

பந்தயத் திடல் தந்த இன்னொரு தொடர் 'ஹேண்ட்ஸ் டவுன்' வெல்வது. வெற்றி உறுதியானதும் குதிரையோட்டி கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை, கையைத் தாழ்த்திவிடுவார். எளிதான வெற்றி என்ற பொருள் அப்படி வந்தது. சீட்டாட்ட மேசையில் ஹேண்ட் என்பது ஒருவர் பிடித்திருக்கும் சீட்டுகளின் தொகுதி. தன் சீட்டைக் காட்டிவிட்டால் 'ஷோ யுவர் ஹேண்ட்', எதிராளிக்குச் சாதகமாக ஆடிவிட்டால் 'பிளே இன்டு தெயர் ஹேண்ட்ஸ்'. அரசியல் செய்திகளில் இவை நிறைய வரும், சீட்டை நினைத்துக்கொண்டால் போதும்.

இனி இணையத்தில் உலவும் பிறப்புக் கதைகள். 'ஹேண்டிகேப்' என்ற சொல், தொப்பியைக் கையில் ஏந்திப் பிச்சை எடுத்தவர்களிடமிருந்து வந்தது என்று திரும்பத் திரும்பப் பகிர்கிறார்கள். இது தவறு என்று உறுதியாகச் சொல்ல முடியும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு பண்டமாற்று விளையாட்டு இருந்தது. இருவர் தங்கள் பொருள்களை மாற்றிக்கொள்ள முன்வருவார்கள். மதிப்புக் குறைந்த பொருளோடு எவ்வளவு காசு சேர்த்துத் தர வேண்டும் என்று நடுவர் ஒருவர் சொல்வார். எல்லோருடைய பணயக் காசும் ஒரு தொப்பியில் இருக்கும். இருவரும் அதற்குள் கைவிட்டு எடுத்து, சம்மதமா இல்லையா என்பதைக் கையாலேயே காட்டுவார்கள். தொப்பிக்குள் கை, 'ஹேண்ட் இன் கேப்'. சாமுவேல் பீப்ஸ் 1660இல் தன் நாட்குறிப்பில் இதைத் தனக்குப் புதிதான விளையாட்டு என்று குறித்திருக்கிறார். பிறகு குதிரைப் பந்தயத்தில் பலமான குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றிச் சமன் செய்வதற்கு இந்தப் பெயர் வந்தது. உடற்குறைபாடு என்ற பொருள் அதன்பின் வந்தது. சொல்லின் பிறப்பில் பிச்சைக்காரர் இல்லை. ஆனாலும் மாற்றுத்திறனாளிகள் பலர் அந்தச் சொல்லை விரும்புவதில்லை, அவர்கள் விருப்பத்தை மதித்து நானும் அதை ஆளைக் குறிக்க எழுதுவதில்லை. வரலாறு சுத்தமாக இருப்பது, கேட்பவருக்கு வலிக்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மட்டைப் பிடியில் சிறுவர்கள் மாற்றி மாற்றிக் கைவைத்து யார் கை மேலே வருகிறது என்று பார்ப்பதிலிருந்து 'அப்பர் ஹேண்ட்' வந்தது என்பதும் நிற்காது. பேஸ்பால் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அந்தத் தொடர் எழுத்தில் இருக்கிறது. சீட்டாட்டத்தில் ஏஸ்களும் எட்டுகளும் சேர்ந்த கைக்கு 'டெட் மேன்ஸ் ஹேண்ட்', இறந்தவன் கை, என்று பெயர். அதன் கதை வேறு மாதிரி. 1876 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டெட்வுட்டில் சீட்டாடிக்கொண்டிருந்த வைல்ட் பில் ஹிக்காக் சுட்டுக் கொல்லப்பட்டது வரலாறு. அப்போது அவர் கையில் ஏஸ்களும் எட்டுகளும் இருந்தன என்பது பல ஆண்டுகள் கழித்து அச்சில் பரவிய கதை. சொல்லிக்கொள்ளலாம், சாட்சியாக வைக்க முடியாது.

பயிற்சிக்கு என்ன செய்வது என்றால், அகராதியின் எண் வரிசையில் படிக்காதீர்கள். ஒரு நோட்டில் கப்பல், குதிரை, சீட்டு, பத்திரம், கடிகாரம் என்று இடத்தின் பெயரைப் போட்டு, தொடர் கிடைக்கக் கிடைக்க அதன்கீழ் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு தமிழ்க் கைத்தொடரையும் எழுதுங்கள். 'சிட் ஆன் யுவர் ஹேண்ட்ஸ்' என்பதற்குக் 'கைகட்டி வேடிக்கை பார்ப்பது', 'ஹேண்ட் டு மவுத்' என்பதற்குக் 'கைக்கும் வாய்க்குமான பிழைப்பு' என்று சில அப்படியே பொருந்தும். சில ஏமாற்றும். 'வாஷ் ஹேண்ட்ஸ்' என்பது மத்தேயு நற்செய்தியில் பிலாத்து கை கழுவிய காட்சியோடு பிணைந்தது, இதில் எனக்குப் பொறுப்பில்லை என்று விலகுவது. நம் 'கைகழுவிவிட்டான்' பெரும்பாலும் நம்பியிருந்தவரைக் கைவிடுவது. குற்றத்தின் எடை வேறு. 'கைராசி', 'கைப்பக்குவம்' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் நேரான கை இல்லை, தேடி அலைய வேண்டாம், விளக்கித்தான் சொல்ல வேண்டும். இவ்வளவு சொன்னாலும், சின்ன இடைச்சொற்கள் எந்த ஒழுங்குக்கும் முழுக்கக் கட்டுப்படுவதில்லை. 'அட் ஹேண்ட்', 'ஆன் ஹேண்ட்', 'டு ஹேண்ட்' மூன்றும் அருகில் இருப்பதையே சொல்கின்றன, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. அங்கே காது பழகத்தான் வேண்டும். என் காது சட்ட ஆங்கிலத்திலும் கையேட்டு ஆங்கிலத்திலும் பழகியது, இளைஞர்களின் அமெரிக்கப் பேச்சுவழக்குக்கு என்னைவிட உங்கள் சக ஊழியர்களே நல்ல வழிகாட்டிகள்.

மெயிலில் மிச்சமிருப்பது 'கிவ் ஹெர் எ ஹேண்ட்'. இது இரண்டு விதமாகப் போகும். மேடையில் ஒருவர் பாடி முடித்ததும் சொன்னால் கைதட்டுங்கள் என்று பொருள், அப்போது 'பிக் ஹேண்ட்' என்று சேர்த்துச் சொல்வதும் வழக்கம். வேலை குவிந்து கிடக்கும்போது சொன்னால் கைகொடுங்கள், உதவுங்கள் என்று பொருள். உங்கள் மேலாளர் பிரச்சினை கைமீறியதாக எழுதிவிட்டு அதைச் சொல்லியிருக்கிறார். அந்த சீனியரிடம் போய், எந்தப் பகுதியை நான் எடுத்துக்கொள்ளட்டும் என்று கேளுங்கள்.